ஈட்டி முனை நெருப்பு

கட்டிலில் எஃபி இல்லை. அவள் தலையணை மேல் ஓர் ஆணின் கையுறை கிடந்தது. அதன் மணிக்கட்டில் தோர்ன்லி குடும்பத்தின் காட்டுப்பன்றிச் சின்னம்.

நினியன் பிரபு போட்ட கூச்சலில் கிரேக்ஹோப் கோட்டைப் புறாக்கள் மொத்தமும் பறந்தன. "தூக்கிட்டானுங்க! அந்த இங்கிலீஷ்காரப் பயலுக என் பொண்ணைத் தூக்கிட்டானுங்க!"

"கத்தினா வந்துடுவாளா? குதிரைக்குச் சேணம் போடச் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி கிரிஸல், வாசற்படியில் நின்றபடி.

பிறந்த நான்கு பிள்ளைகளில் பிழைத்தவள் எஃபி ஒருத்திதான். எல்லை ஆற்றுக்கு அக்கரையில், இங்கிலாந்துப் பக்கம் இருக்கும் தோர்ன்லிகளோடு அவர்களுக்கு அறுபது வருடப் பகை. மாடு போயிருக்கிறது, ஆடு போயிருக்கிறது, நினியனின் அப்பாவுக்கு ஒரு காதே போயிருக்கிறது. பெண் போனது இதுதான் முதல் தடவை.

நினியன் தடுமாறித் தடுமாறி மார்புக் கவசத்தை மாட்டினார். கொக்கி எட்டவில்லை. "இது யாரோட கவசம்டி? மூச்சு முட்டுது!"

"கவசம் உங்களோடதுதான். வயிறுதான் புதுசு."

முற்றத்தில் நாற்பது பேர் குதிரையேறித் தயாராக நின்றார்கள். முன்னால் நின்றவனின் ஈட்டி முனையில், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த புற்கரிக் கட்டி ஒன்று புகைந்து எரிந்தது. திருட்டுக் கொடுத்தவன் இப்படி நெருப்போடு துரத்திப் போனால் எல்லை தாண்டலாம், எந்த ராஜாவின் ஆளும் தடுக்க முடியாது. நெருப்பில்லாமல் கூட்டமாகத் தாண்டினால் தூக்குக் கயிறுதான்.

கிரிஸலும் இறங்கி வந்தாள். பச்சைப் பட்டு, கழுத்தில் முத்துச் சரம்.

"நீ எங்கடி கெளம்பிட்ட, இந்தக் கோலத்துல?"

"உங்ககூடத்தான். எதிரி வீட்டுக்குப் போறோம். கந்தலோட போய் நின்னா நம்மளை மதிப்பாங்களா?"

அதுவும் சரிதான் என்று பட்டது நினியனுக்கு. வாதாட நேரமும் இல்லை.

ஆற்றுத்துறைக் காவலர்கள் நெருப்பைப் பார்த்ததும் விலகி நின்றார்கள். "என்ன போச்சுங்க, பிரபு? மாடா?"

"பொண்ணுடா!"

அவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கரை மேட்டில் ஏறும்போது நினியன் புலம்பத் தொடங்கினார். "மூணு வயசுல என் சேணத்துல முன்னாடி உக்காந்துக்கிட்டு அப்படியே தூங்கிடுவா. இப்ப எந்த இருட்டு அறையில அடைச்சு வச்சிருக்கானுங்களோ... பசின்னாகூட வாயைத் திறந்து கேக்க மாட்டாளே, கிரிஸல்!"

கிரிஸல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"அழாதடி. நான் இருக்கேன்ல?" என்று தேற்றினார் நினியன்.

மேட்டின் உச்சியில் எல்லாரும் கடிவாளத்தை இழுத்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு நெருப்பு ஏறி வந்தது. அதன் பின்னால் முப்பது குதிரைகள். அவற்றுக்கு முன்னால், தாடியெல்லாம் வியர்வையாக, ரால்ஃப் தோர்ன்லி.

"டேய் நினியன்! எங்கடா என் பையன்?"

"உன் பையனா? என் பொண்ணு எங்கடா, முதல்ல சொல்லு!"

"காலைல பார்த்தா லான்சியைக் காணோம். அவன் படுக்கைல உன் பொண்ணோட ரிப்பன் கிடக்கு. நீதான் ஆள் வச்சுத் தூக்கியிருக்கே!"

"உன் பையனைத் தூக்கி நான் என்னடா பண்றது? அவன் திங்கிற தீனிக்கு எங்க மலை முழுக்க ஆடு மேய்ச்சாலும் போதாது!"

வாள்கள் உருவப்பட்டன. நினியனுடையது மட்டும் உறையிலிருந்து பாதிதான் வந்தது. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, கீழே பள்ளத்திலிருந்து மணிச் சத்தம் கேட்டது.

எழுபது தலைகளும் திரும்பின. பள்ளத்தில் ஒரு சின்ன மாதா கோயில். அதன் முன்னால் வரிசையாக மேசைகள், வறுத்த ஆட்டிறைச்சி, பார்லி அப்பங்கள். ரால்ஃபின் மனைவி மார்ஜரி பீர்ப் பீப்பாயைத் திறந்துகொண்டிருந்தாள். கோயில் வாசலில் தலை நிறையப் பூவோடு எஃபி, பக்கத்தில் ஒட்டடைக்குச்சி போல லான்சி. இருவரும் கைகோத்து நின்றார்கள்.

நினியன் குதிரையிலிருந்து குதித்தாரா விழுந்தாரா என்று சொல்ல முடியாது. ஓடிப்போய் மகளின் கையையும் கன்னத்தையும் தடவிப் பார்த்தார். "அடிச்சாங்களாம்மா? சாப்பிட்டியா?"

"யாரும் அடிக்கலப்பா. நான் சந்தோஷமா இருக்கேன்."

அப்புறம்தான் அவருக்கு மண்டையில் உறைத்தது. மெல்லத் திரும்பினார். கிரிஸல் சேணத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கிரிஸல்! அப்ப தூக்கிட்டுப் போனது?"

"நானா சொன்னேன்? நீங்கதான் கத்தினீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க நாப்பது பேரு தூக்குல தொங்காம எல்லை தாண்டி வர வேற வழி ஏதாச்சும் இருந்துச்சா?"

ரால்ஃப் தன் மனைவியைப் பார்த்தார். மார்ஜரி அவர் கையில் ஒரு குவளையைத் திணித்தாள். எதிரிகள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். அறுபது வருடத்தில் முதல் தடவையாக இரண்டு குடும்பத் தலைவர்களும் ஒரே குரலில் பேசினார்கள்.

"இந்தக் கல்யாணம் நடக்காது!"

கிரிஸல் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் போன மாசமே முடிஞ்சுடுச்சுங்க, இது விருந்து."