ஒரு மார்க் குறைச்சல்

சின்னவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மூத்த ஓரகத்தி மகளின் பள்ளிப் பையைத் திறந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பையைச் சோதனை போடுகிறோமே என்ற வெட்கம் கொஞ்சமும் இல்லை. வயிற்றெரிச்சல் அந்த அளவுக்கு இருந்தது.

எரியாதா பின்னே? ஒரே வீடு, ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார். போன வருஷம்வரை கணக்கென்றாலே முழித்த அந்தப் பெண், இப்போது விகிதம், சதவீதம் எல்லாவற்றிலும் தொண்ணூற்றைந்து வாங்குகிறாள். இவள் மகளோ இருபத்தைந்துக்குப் பத்தொன்பது, ஐம்பதுக்கு முப்பத்தொன்பது, நேற்று நூற்றுக்கு எழுபத்தொன்பது.

கணக்கில் எண்பது சதவீதம் இருந்தால்தான் அடுத்த ஊர்ப் பெரிய பள்ளியில் இடம். இடம் கிடைத்தால் அங்கேயே வீடு பார்த்துப் போய்விடலாம், ஓரகத்தி முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்பது சின்னவளின் திட்டம்.

நோட்டைப் பிரித்தாள். பாலும் தண்ணீரும் 3:2, மொத்தம் 45 லிட்டர், பால் எவ்வளவு? அந்தப் பெண் நாற்பத்தைந்தை மூன்றால் வகுத்திருந்தாள். யாரோ அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 3+2=5, 45÷5=9, 9×3=27 என்று பொறுமையாகப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் அதே சிவப்பு மை.

"அதானே பார்த்தேன்! ரகசியமா ஆள் வெச்சிருக்காங்க!"

நோட்டோடு கூடத்துக்குப் பாய்ந்தாள். ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் மகள் அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

"ஏன்க்கா, உங்க பொண்ணுக்கு மட்டும் டியூஷன் வெச்சீங்களே, என் பொண்ணையும் பக்கத்துல உட்கார வெச்சா குறைஞ்சா போயிடும்?"

ஓரகத்தி விழித்தாள். "டியூஷனா? மூணு மாசமா அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கறதே உன் பொண்ணுதானே! உனக்குத் தெரியாதா?"

சின்னவள் மகள் பக்கம் திரும்பினாள். மகள் எழுந்து உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன்டி, ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கத் தெரியுது, பரீட்சையில மட்டும் என்ன கேடு? சொல்லிவெச்ச மாதிரி ஒவ்வொரு தடவையும்..."

பாதியில் நிறுத்தினாள். இருபத்தைந்துக்கு இருபது, ஐம்பதுக்கு நாற்பது, நூற்றுக்கு எண்பது என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே ஒரு மார்க்தான் குறைந்திருந்தது.

"வேணும்னே விட்டியா?"

மகள் ஓரகத்தியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எண்பது வாங்கிட்டா பெரியம்மாவை விட்டுட்டுப் போகணுமேம்மா!"