விளிம்பில் ஒரு பள்ளம்

குழந்தைப்பேறு டாக்டரம்மாவின் மேஜை மேல் இரண்டு கருமுட்டைப் படங்கள் கிடக்கின்றன. திரை இடுக்கில் நுழைந்த மதிய வெயில் அவற்றின் வழவழப்பில் வழுக்குகிறது. ஒரு முட்டை மங்கிப் பழுப்பேறியிருக்கிறது, மற்றது பளபளக்கிறது. "நாப்பத்திரண்டு வயசுல முட்டையோட பேட்டரி இறங்கத்தானேம்மா செய்யும்? அந்த பேட்டரிக்குப் பேர்தான் மைட்டோகாண்ட்ரியா. புதுசு ஏத்திட்டா இளசாயிடும். இது ஒருத்தங்களோட பழைய முட்டை. இது ஆறு மாச சிகிச்சைக்கு அப்புறம் எடுத்த வேற முட்டை" என்கிறார், வார்த்தைக்கு வார்த்தை தேன் தடவி. எதிரே உட்கார்ந்திருப்பவளின் கணவன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான். அவளோ போட்டோ ஸ்டுடியோவில் இருபது வருஷமாக மணப்பெண்களின் கருவளையத்தைக் கம்ப்யூட்டரில் அழிப்பவள். எந்தப் படத்திலும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பாள். பழைய முட்டையின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம். புது முட்டையிலும் அதே இடத்தில் அதே பள்ளம். ஏறியிருப்பது வெளிச்சம் மட்டும்தான். மின்விசிறிக் காற்றில் ஒப்புதல் படிவம் படபடக்கிறது. பக்கத்தில் மூடி திறந்த பேனா. "வேற வேற முட்டைன்னா டாக்டர்..." என்று இழுத்தபடி அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைக்கிறாள். டாக்டரம்மாவின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. கணவன் குனிகிறான். அதே ஸ்டுடியோவில் கேமரா பிடிப்பவன். பார்த்த மாத்திரத்தில் அவனுக்கும் விளங்கிவிடுகிறது. அவள் விரலை மெல்ல நகர்த்திவிட்டு, அந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொள்கிறான். "எங்க கையெழுத்துப் போடணும், டாக்டர்?"