தார்ச்சாலைக் கணக்கு

"இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடும் சார். எதுக்கு இதப் போய் மாத்தறீங்க?"

டயர் கடைக்காரர் ஜீப்பின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். வந்த வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் கடைக்காரர் கிடைப்பது அபூர்வம்.

கணக்கு வாத்தியார் தேவையை மட்டும் சொன்னார். தினமும் தார்ச்சாலையில் ஓட வேண்டும், சேற்று மேட்டிலும் ஏற வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது, அப்படி நான்கு டயர் வேண்டும் என்றார்.

கடைக்காரர் மூன்று விதம் உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்தார். முதலாவது தார்ச்சாலை டயர். மலிவு, சத்தமே இருக்காது. இரண்டாவது, பட்டன் பட்டனாகப் புடைத்து நிற்கும் சேற்று டயர். தார்ச்சாலையில் ஊரைக் கூட்டும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் இரண்டு இடத்திலும் காலை வாராது.

வாத்தியார் மூன்றாவதின் மேல் கை வைத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

போன தடவை இதே வேலைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

வெங்காயத்தைக்கூடச் சராசரி பார்த்து வாங்குகிற ஆள் அவர். மனைவி கிராமச் செவிலி. ஜீப் வாங்கியதே அவளுக்காகத்தான். ஒரு நாளைக்குப் போக வர ஐம்பது கிலோமீட்டர். அதில் நாற்பத்தாறு தார்ச்சாலை, நான்குதான் மண் பாதை. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தாரில் ஓடும் வண்டிக்கு எட்டுப் பங்கு மண்ணை நினைத்து யாராவது டயர் வாங்குவார்களா? சாப்பாட்டு மேசையில் வைத்து அவளுக்கு விளக்கினார். கரும்பலகை ஒன்றுதான் குறை.

"அந்த நாலு கிலோமீட்டருக்குத்தாங்க எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க," என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவருக்குத் தன்மீதே வெறுப்பாக இருக்கிறது.

தார்ச்சாலை டயரே வந்தது. மிச்சம் பிடித்ததில் வீட்டுக்குத் திரைச்சீலை வந்தது. அதன் நிறத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார்.

பதினோரு மாதம் அவர் கணக்கு சரியாகவே இருந்தது.

பன்னிரண்டாவது மாதம், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, ஒரு மத்தியான வேளையில் மேட்டுக் குடியிருப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். தலைப்பிரசவம். வலி கண்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

கடைசி ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டது. பெயருக்கு ஃபோர்வீல் டிரைவ். நான்கு சக்கரமும் ஒற்றுமையாக அதே இடத்தில் சுற்றின. டயர் பள்ளமெல்லாம் சேறு அப்பி வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. அவள் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு மீதி வழியை நடந்தாள். நாற்பது நிமிடம் ஆனது.

தாயைக் காப்பாற்ற முடிந்தது. குழந்தையை முடியவில்லை.

வீட்டுக்கு வந்து முழங்கால் வரை இருந்த சேற்றைக் கழுவிவிட்டு, வண்டி ஏறவில்லை என்று மட்டும் சொன்னாள். நீங்கள் வாங்கிய டயர் என்று சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவரும் மன்னிப்புக் கேட்டிருப்பார். அவள் கேட்காததால் தனக்கு வாயைத் திறக்க வழியில்லாமல் போனது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். வழி இருந்தது. தைரியம்தான் இல்லை.

நான்காவது டயரும் மாட்டி, காற்றுப் பிடித்து, ஜாக்கியை இறக்கினார்கள். கழற்றிய நான்கும் ஓரமாகக் கிடந்தன. அவற்றுக்கு நல்ல விலை தருவதாகக் கடைக்காரர் சொன்னார். வாத்தியார் அந்த விலைக்கே சரி என்றார். மேட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் இவற்றை விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு வாரன்டி அட்டை. யார் பெயரில் எழுதுவது என்று கேட்டுக் கடைக்காரர் பேனாவைத் திறந்தார்.

வாத்தியார் வாசல் பெஞ்சைக் காட்டினார். சீருடை போட்ட ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வண்டிச் சாவி அவள் கையில் இருந்தது.

மகளா என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லீங்க. என் வீட்டுக்காரம்மா பாத்த வேலைக்குப் புதுசா வந்திருக்காங்க. வண்டிய இவங்களுக்குக் குடுத்துட்டோம்."

அந்த மழைக்கு மறுவாரமே மனைவி வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜீப்பை விற்றுவிடச் சொன்னதும் அவள்தான். டயர் மாற்றித் தருவதாக விற்கும்போது பேச்சே இல்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

புதுச் செவிலி அட்டையை வாங்கிக்கொண்டு, எதற்குச் சார் இதெல்லாம் என்று சங்கடத்தோடு சிரித்தாள். பிறகு வண்டியைக் கிளப்பி மேட்டுப் பாதைப் பக்கம் திருப்பினாள். வண்டி வளைவில் மறையும் வரை அவர் நின்றார். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

எங்கே போய் வந்தீர்கள் என்று மனைவி கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார். கேட்க மாட்டாள் என்று தெரியும். ஏழு மாதமாக அந்த வீட்டில் டயர் என்ற சொல்லை இருவருமே சொன்னதில்லை.