ஏழாவது ஷரத்து

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏழாவது ஷரத்தைப் படி. சத்தமா."

மேஜைக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் ஆக்டன். இந்தப் பக்கம் அவருடைய வக்கீல் குமாஸ்தா பெத்தனி. இங்கிலாந்தின் அக்ரிங்டன் கடைத்தெருவில், மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வறுத்து வினிகர் தெளித்து விற்கிற கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் வினிகர் வாசனை அடிக்கும்.

பெத்தனி படித்தாள்.

"சொலிசிட்டர் படிப்புக்காக ஆபீஸ் கொடுக்கும் ஒன்பதாயிரம் பவுண்டை, முதல் தடவையே தேர்வில் தேறாவிட்டால், முப்பது நாளில் மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, மிஸ்டர் ஆக்டன்."

"அழுதா தள்ளுபடி கிடையாது."

பெத்தனி கையெழுத்துப் போட்டாள். வேறு வழி? பாங்க்கில் கடன் கிடையாது என்றுவிட்டார்கள். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. வாடகை போக மிஞ்சுவது பஸ்ஸுக்குத்தான் காணும்.

ஆக்டன் நாலு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவருடைய கோட்டுப் பையில்.

வரவேற்பு மேஜையில் இருந்த மொரீனுக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணு, ஒரே டீத்தூள் பையில ரெண்டு கப் போடற மனுஷன்கிட்ட போயி மாட்டிக்கிட்டியே! கந்துவட்டிக்காரன் கூட இப்படி எழுதி வாங்க மாட்டான்."

பத்து மாசம். பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலமானால் புத்தகம். பஸ்ஸில் படித்தாள். சமையல் அடுப்பு முன்னால் நின்று படித்தாள். தூக்கம் வந்தால் ஏழாவது ஷரத்தை நினைத்துக்கொள்வாள். தூக்கம் ஓடியே போய்விடும்.

ஜனவரியில் தேர்வு எழுதினாள். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வந்தது.

ஆறு மார்க்கில் போயிற்று.

மொரீன் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். "அய்யோ கண்ணு! அவர்கிட்ட இன்னிக்கே சொல்லாதே. கீழே போயி சிப்ஸ் சாப்பிட்டு வரட்டும். வயிறு நிறைஞ்சிருந்தா கொஞ்சமாவது இரக்கம் வரும்."

"திங்கக்கிழமை சொன்னா மட்டும் மார்க் ஏறுமா?"

எழுந்து நேரே உள்ளே போனாள். நின்றபடியே சொன்னாள்.

"தேறல, மிஸ்டர் ஆக்டன். மாசம் இருநூறு இருநூறா தந்துடறேன். அதுக்கு மேல முடியாது."

ஆக்டன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சாவியை மேஜையில் வைத்தார்.

"பத்திரத்தை எடு. ஏழாவது ஷரத்தைப் படி."

"எனக்கு மனப்பாடம்."

"படின்னேன்."

படித்தாள்.

"எட்டு?"

பெத்தனி ஒருநாளும் எட்டுக்குப் போனதில்லை. ஏழிலேயே உயிர் போய்க்கொண்டிருந்ததே!

"இரு தரப்பாரும் கையெழுத்திட்ட பிறகே இப்பத்திரம் செல்லும்."

"கடைசிப் பக்கத்துக்குப் போ. யார் யார் கையெழுத்து இருக்கு?"

இடது பக்கம் பெத்தனி வாம்ஸ்லி என்று இருந்தது. வலது பக்கம் வெறும் கோடு.

"நீங்க... நீங்க போடலையே?"

"மறந்துட்டேன். வயசாச்சு பாரு."

பால் வாங்கின ரசீதில்கூட ரெண்டு இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். பெத்தனி தன் பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இப்ப போடுங்க. நான் வாங்கின பணம், மிஸ்டர் ஆக்டன். ஏமாத்த மாட்டேன்."

அவர் பேனாவை வாங்கினார். மூடினார். அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வக்கீலாகப் போறவ, எதிராளி கையெழுத்தைப் பாக்காம ஒரு வருஷமாப் பயந்து செத்திருக்கே. அந்த ஆறு மார்க் போனதுல ஆச்சரியமே இல்ல. ஜூலைல அடுத்த தேர்வு. இன்னிக்கே பேரைப் பதிஞ்சு வை, பணத்தை ஆபீஸ் கட்டும்."

கோட்டை மாட்டிக்கொண்டார்.

"பத்திரத்தை உள்ள வெச்சுப் பூட்டிட்டு சாவியைக் குடு. இதை வெளிய மூச்சு விட்டியோ, ஒன்பதாயிரத்தையும் வட்டியோட வாங்கிடுவேன். பயம் போச்சுன்னா அடுத்து வர்ற ஆளு படிக்க மாட்டான். சீக்கிரம், சிப்ஸ் ஆறிப்போகும். கீழே இருக்கேன்."

படி அதிர இறங்கிப் போய்விட்டார்.

மொரீன் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "என்ன கண்ணு சொன்னாரு?"

"மறுபடியும் ஏழாவது ஷரத்தைப் படிக்கச் சொன்னாரு."

"பாவி! நல்லா இருப்பானா?" என்று சபித்துக்கொண்டே மொரீன் டீ போடப் போனாள்.

பெத்தனி அலமாரியைத் திறந்தாள். அவளுடைய பத்திரம் இருந்த இடத்துக்குப் பின்னால் இன்னும் ஏழு பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன. குமாஸ்தா கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

இங்கே குமாஸ்தாவாக இருந்துவிட்டுப் போன வருஷம் பிளாக்பர்னில் தனியாக ஆபீஸ் போட்ட இம்ரான் பட்டேல். இடது பக்கம் கையெழுத்து, வலது பக்கம் காலி. லீட்ஸில் பெரிய வக்கீலாக இருக்கும் ஹெலன் ஹாவர்த். வலது பக்கம் காலி.

எல்லாவற்றுக்கும் அடியில் தட்டச்சில் அடித்த, மஞ்சளாகிப்போன ஒரு பத்திரம். ஆபீஸ் அப்போது வேறொருவர் பெயரில் இருந்திருக்கிறது. அதே ஏழாவது ஷரத்து. அதே எட்டு.

கடைசிப் பக்கத்தில், இடது ஓரம், ஓர் இளவட்டத்தின் பயந்த கையெழுத்து: கிளிஃபர்ட் ஆக்டன்.

வலது பக்கம், அவருடைய முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், டீக் கோப்பை வைத்த கறை மட்டும் வட்டமாக இருந்தது.