நீர்முள்ளி புறப்பட்ட நாள்

ஏரிக்கரைச் சேற்றில் ஒரு நீர்முள்ளிச் செடி இருந்தது. அதன் அடியில் ஒரு நத்தை தன் குஞ்சுகளோடு குடியிருந்தது. செடியில் கணுவுக்குக் கணு நீளமான முட்கள் இருந்ததால், கொக்கு அந்தப் பக்கம் காலே வைப்பதில்லை.

ஒருநாள், கால்கள் வீங்கிப்போன ஒரு பெண் தடுமாறித் தடுமாறிக் கரையோரம் வந்தாள். நீர்முள்ளியைக் கஷாயம் வைத்துக் குடித்தால் வீக்கம் வடியும் என்று வைத்தியர் சொல்லியனுப்பியிருந்தார்.

நத்தைக்குப் பகீரென்றது. "அக்கா, கொஞ்சம் குனிஞ்சுக்கோ. கோரைக்குள்ள இருந்தா அவ கண்ணுல படமாட்டே" என்று கெஞ்சியது.

"பாவம், அவ காலைப் பாரு. என்னைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கா. ஒளிஞ்சுக்கச் சொல்றியே!" என்றது நீர்முள்ளி.

"நாங்க உன்னை நம்பித்தானே இங்கே இருக்கோம்?"

"நீங்க எப்பவும் இருக்கறவங்கதானே!"

அப்படிச் சொல்லிவிட்டு, நீர்முள்ளி தன் ஊதாப் பூக்களைக் கோரைக்கு மேலே நீட்டிக் காட்டியது.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு செடியை வேரோடு பிடுங்கி, சேற்றை அலசி, பையில் போட்டுக்கொண்டு போனாள். நீர்முள்ளி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நத்தை குஞ்சுகளை அவசர அவசரமாகக் கோரைப் பக்கம் நகர்த்தியது. நத்தையின் அவசரம் எவ்வளவு தூரம் போகும்? பாதி வழியில் கொக்கின் கால்கள் குறுக்கே வந்து நின்றன.

"எங்கே உங்க நீர்முள்ளி?" என்று கேட்டது கொக்கு.

"ஒரு நல்ல காரியமாப் போயிருக்கு" என்றது நத்தை, குஞ்சுகளைத் தன் ஓட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"நல்ல காரியம்தான்" என்று சொல்லிவிட்டுக் கொக்கு குனிந்தது.