மூன்றுக்குக் கீழே

"ஒன்பது" என்றாள் தையல்காரி.

கணினியின் மேல் மார்க் டீச்சரின் விரல்கள் அப்படியே நின்றன.

அவர் டீச்சர் இல்லை. வீட்டுக் கொடுமைக்குத் தப்பி வந்த பெண்களின் காப்பகத்தில் படிவம் நிரப்புவது அவர் வேலை. ஒவ்வொருத்தியையும் எதிரே உட்காரவைத்து, வீட்டை நினைத்தால் பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்பதால், இங்கே தங்கியிருக்கும் பெண்கள் வைத்த பெயர் அது. பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவளையும் இங்கே மார்க் துரத்துகிறதே என்று முதலில் சிரித்தவள் தையல்காரிதான்.

"முதல் தடவை மூணுன்னு சொல்லியிருக்கியேம்மா."

"அது ஆஸ்பத்திரியில கேட்டது டீச்சர். திரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்னுட்டிருந்தாரு. மூணுன்னு சொன்னதே பெரிசு."

அதற்கு மூன்றாம் நாள் அவள் கட்டிய புடவையோடு இங்கே ஓடி வந்தாள். ஆனால் கணினியில் ஏறிய முதல் எண்ணை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

காப்பகத்தில் பத்துப் பெண்கள். அதில் ஆறு பேருக்காவது பயம் குறைந்திருந்தால்தான் அரசாங்கம் அடுத்த வருடமும் காப்பகத்தை நடத்த விடும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு.

ஐந்து பேருக்குக் குறைந்திருந்தது. நான்கு பேருக்குக் குறையவில்லை. மிச்சம் தையல்காரி ஒருத்திதான்.

"ஒரு வருஷம் சோறு போட்டு, தைரியம் சொல்லிக் குடுத்து, மூணு ஒன்பதா ஏறிடுச்சுன்னு எழுதவா? நல்லா இருக்கே லட்சணம்!"

"தைரியம் வந்ததாலதானே டீச்சர் ஒன்பதுன்னு வாய் திறந்து சொல்றேன்."

அப்படி எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

மாடியில் குழந்தை அழுதது. பிறந்து பன்னிரண்டு நாள். அதன் அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

இருவரும் அழுகை அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன் கால்ல வேணா விழுறேன்மா" என்றார் டீச்சர். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

தையல்காரி நகத்தில் சிக்கியிருந்த நூலைப் பிய்த்து எறிந்தாள்.

"ஒண்ணுன்னு போட்டுக்கோங்க."

"ரெண்டே போதும்."

"பொய்தானே, அதுல என்ன கஞ்சத்தனம்?"

டீச்சர் அழுத்தினார். திரை பச்சையானது. பத்துக்கு ஆறு. மணி நான்கு ஐம்பத்திரண்டு.

காப்பகம் பிழைத்துவிட்டது. டீச்சர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எத்தனை நாள்ல கிளம்பணும் டீச்சர்?"

பயம் மூன்றுக்குக் கீழே இறங்கியவர்கள் குணமானவர்கள். குணமானவர்களுக்கு இங்கே கட்டில் கிடையாது. மற்ற ஐந்து பேரும் ஒன்பதிலிருந்தும் எட்டிலிருந்தும் தொடங்கி, ஐந்திலும் ஆறிலும் நிற்பவர்கள். அவர்கள் இருக்கலாம்.

அவளுக்கு அது முன்பே தெரியும் என்பது டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏழு நாள்" என்றார், கையை எடுக்காமலே. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்தார். "போற எடத்து விலாசம் கேக்குதும்மா."

தையல்காரி கதவு எண்ணைச் சொன்னாள். தெருப் பெயரைச் சொன்னாள்.

பாதியில் டீச்சர் தட்டுவதை நிறுத்தினார்.

"இது அவர் வீடாச்சே."

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் டீச்சர். மணியாகுது, போடுங்க."