படம் திறக்குதுல்ல?

பிணவறைப் படங்கள் இருந்த டிஸ்க்கை, வேகம் கூடுமென்று ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்போல ஓடும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களில் ஒருசேர மாட்டிவிட்டிருந்தார் ஆஸ்பத்திரி மேலாளர் ஞானதீபன். இரண்டும் ஒன்று எழுதியதன்மேல் மற்றொன்று எழுதி எல்லாவற்றையும் நாசமாக்கியிருந்தன. கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்த செண்பகவல்லி பாடுபட்டு மீட்ட முதல் படத்தில், ஒருவரின் நெற்றிக்குக் கீழே வேறொருவரின் வாய் இருந்தது.

"படம் திறக்குதுல்ல? சரியாயிடுச்சுன்னு எழுதுங்க மேடம்" என்று பஜ்ஜி தின்ற விரலால் திரையைத் தட்டிக் காட்டினார் அவர். அவர் மூஞ்சியிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

அதற்குள் அடையாளம் காட்ட வந்திருந்த இரண்டு பெண்களையும் அவர் உள்ளே கூப்பிட்டுவிட்டார். ஒருத்தி திரையிலிருந்த எண்ணெய்க் கறையை முந்தானையால் துடைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருங்க" என்று விம்மினாள்.

மற்றவள் அவள் கையை மெல்ல விலக்கினாள். "நல்லாப் பாருங்கக்கா. அந்த உடைஞ்ச பல்லு என் தம்பியோடது."